டாஃபினில் வேலையை விட்டது யார்?

"உட்கார்ந்த இடத்துக்கே பணம் வரும்னா எவன் வேலைக்குப் போவான்?" இந்தக் கேள்வி காதில் விழாத மாதமே கிடையாது. 2023 செப்டம்பரில் மகளிர் உரிமைத் தொகை ஆயிரம் ரூபாய் வர ஆரம்பித்தபோது டீக்கடையில் கேட்டேன். அதற்குப் பல வருஷம் முன்னாலேயே, நூறு நாள் வேலை வந்ததிலிருந்து களையெடுக்க ஆள் கிடைக்கவில்லை என்று அலுத்துக்கொண்ட எங்கள் சித்தப்பாவிடமும் கேட்டிருக்கிறேன். கேட்பவர்கள் கெட்டவர்கள் இல்லை, உழைத்துச் சாப்பிட்டவர்கள், பலருக்கு அந்தக் கேள்வியில் உண்மையான கவலை இருக்கிறது. ஆனால் பதில் ஏற்கெனவே தெரியும் என்ற தொனியில்தான் எல்லோரும் கேட்கிறார்கள்.

எனக்கு நிஜமாகவே பதில் வேண்டியிருந்தது. தேடிப் போனதில் கனடாவின் மனிடோபா மாகாணத்தில் இருக்கிற டாஃபின் என்ற சின்ன ஊரில் போய் நின்றேன், அதைவிட்டு நகர முடியவில்லை. வேலை செய்தே ஆக வேண்டும் என்று கேட்காமல் ஜனங்களுக்குப் பணம் கொடுத்துப் பார்க்கிற அடிப்படை வருமானச் சோதனைகள் உலகத்தில் நிறைய நடந்திருக்கின்றன. ஆனால் ஒரு பணக்கார நாட்டில், ஓர் ஊர் முழுவதையும் எடுத்துக்கொண்டு, "உங்கள் வருமானம் இந்த அளவுக்குக் கீழே போகாது, போனால் மிச்சத்தை நாங்கள் தருகிறோம்" என்று மூன்று வருஷம் வாக்குக் கொடுத்து, அந்த வாக்கைக் காப்பாற்றிய இடம் இது. அதைவிட முக்கியம், இந்தச் சோதனையை ஆராய்ந்தவர்கள் ஒரே முடிவுக்கு வரவில்லை. வேலை எவ்வளவு குறைந்தது என்பதற்கு ஒரு கணக்கு 1 சதவீதம் என்கிறது, இன்னொன்று 11 என்கிறது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால்தான் விஷயம் புரிகிறது.

எப்படி ஆரம்பித்தது

1960களின் கடைசியில் வட அமெரிக்கா முழுக்க இந்த யோசனை பேசப்பட்டுக்கொண்டிருந்தது. மில்டன் ஃப்ரீட்மன் போன்ற சந்தை ஆதரவுப் பொருளாதார அறிஞரும் பேசினார், இடதுசாரிகளும் பேசினார்கள். அமெரிக்காவில் 1968இல் நியூஜெர்சியில் முதல் சோதனை ஆரம்பித்தது, பிறகு சியாட்டில், டென்வர் என்று விரிந்தது. கனடாவில் 1971இல் டேவிட் குரோல் தலைமையில் வறுமையை ஆராய்ந்த செனட் குழு, உத்தரவாத வருமானம் கொண்டுவர வேண்டும் என்று நேரடியாகவே பரிந்துரைத்தது. பியர் ட்ரூடோ பிரதமர், மனிடோபாவில் எட் ஷ்ரையர் முதல்வர். 1974இல் இரு அரசுகளும் ஒப்பந்தம் போட்டன: மொத்தச் செலவு 1 கோடியே 70 லட்சம் டாலர், அதில் முக்கால் பங்கு மத்திய அரசு, கால் பங்கு மாகாண அரசு. திட்டத்தின் பெயர் மின்கம்.

சோதனை முக்கியமாக இரண்டு இடங்களில் நடந்தது. மாகாணத் தலைநகர் வின்னிபெக்கில், மருந்துச் சோதனை செய்வது மாதிரி குலுக்கல் முறையில் குடும்பங்களைத் தேர்ந்தெடுத்தார்கள், சிலருக்குப் பணம், சிலர் ஒப்பீட்டுக்கு மட்டும். டாஃபினில் அப்படிக் கிடையாது. அங்கே ஊரில் இருக்கும் எல்லோருக்கும் தகுதி உண்டு. வருமானம் குறைந்தால் யார் வேண்டுமானாலும் வாங்கலாம்.

டாஃபின் வின்னிபெக்கிலிருந்து வடமேற்கே சுமார் 300 கிலோமீட்டர். ஊரில் பத்தாயிரம் பேர் வரை இருந்தார்கள், சுற்றிலும் விவசாயம், உக்ரைனிலிருந்து வந்து குடியேறிய குடும்பங்கள் ஏராளம். விவசாய ஊர் என்பது இங்கே முக்கியம். ஒரு வருஷம் விளைச்சல், ஒரு வருஷம் ஒன்றுமில்லை, தானிய விலை எங்கேயோ தீர்மானமாகிறது. அங்கே அப்போது இருந்த அரசு உதவித்தொகை நிலம் வைத்திருக்கும் சிறு விவசாயிக்குக் கிடைக்காது, குறைந்த கூலிக்கு வேலை செய்பவருக்கும் கிடைக்காது. வேலையே இல்லாமல் நொடிந்துபோனவர்களுக்குத்தான் அது, அதையும் ஊர் பார்க்கப் போய்க் கேட்டு வாங்க வேண்டும்.

கணக்கு எப்படி

இந்த இடத்தைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். வேலைக்குப் போவார்களா மாட்டார்களா என்ற கேள்வியின் பாதி இந்தக் கூட்டல் கழித்தலில்தான் இருக்கிறது.

டாஃபினில் நான்கு பேர் உள்ள குடும்பத்துக்கு ஆரம்பத்தில் ஆண்டுக்கு 3,800 டாலர் உத்தரவாதம். அப்போது கனடா குறைந்த வருமானம் என்று வரையறுத்திருந்த அளவில் இது சுமார் 60 சதவீதம். அதாவது வசதியாக வாழ இது போதாது, பட்டினி கிடக்காமல் இருக்கலாம், அவ்வளவுதான். வீட்டில் ஒருவரும் சம்பாதிக்கவில்லை என்றால் முழு 3,800 வரும். சம்பாதித்தால், சம்பாதிக்கிற ஒவ்வொரு டாலருக்கும் 50 சென்ட் இந்தப் பணத்தில் குறையும். ஒரு குடும்பம் 2,000 டாலர் சம்பாதிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். உதவியில் 1,000 குறைந்து 2,800 வரும், ஆக மொத்தம் 4,800 டாலர். வருமானம் 7,600ஐத் தொட்டால் உதவி நின்றுவிடும்.

இதைப் பழைய உதவித்தொகையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அதில் நூறு டாலர் சம்பாதித்தால் ஏறக்குறைய அந்த நூறையும் உதவியில் பிடித்துக்கொள்வார்கள். வேலைக்குப் போனாலும் அதே பணம், போகாவிட்டாலும் அதே பணம் என்றால் எந்த மனுஷனும் யோசிப்பான், அதற்குச் சோம்பேறித்தனம் என்று பெயர் வைப்பது அநியாயம். மின்கத்தில் வேலைக்குப் போனால் எப்போதும் கையில் கூடுதலாக நிற்கும். இதை எதிர்மறை வருமான வரி என்பார்கள். எல்லோருக்கும் ஒரே தொகையை நிபந்தனையில்லாமல் தரும் அடிப்படை வருமானமும் இதுவும் ஒன்றல்ல, ஆனால் "கீழே விழ மாட்டாய்" என்ற உறுதி இரண்டிலும் ஒன்றுதான்.

பணம் 1975இலிருந்து மூன்று வருஷம் போனது. குடும்பங்கள் மாதாமாதம் தங்கள் வருமானத்தை எழுதித் தர வேண்டும், அவ்வப்போது வரும் நீண்ட கேள்வித்தாள்களுக்கும் பதில் சொல்ல வேண்டும். டாஃபினில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குக் குடும்பங்கள் ஏதாவது ஒரு கட்டத்தில் பணம் வாங்கின. இந்த மூன்றில் ஒரு பங்கு என்பதை மறக்காதீர்கள். மிச்சப் பேருக்குப் பணம் வரவில்லை, ஆனால் வருமானம் விழுந்தால் வரும் என்று அவர்களுக்கும் தெரியும்.

பெட்டிகளில் போட்டுக் கட்டினார்கள்

எனக்கு மனசு ஆறாத பகுதி இதுதான். எழுபதுகளின் எண்ணெய் விலையேற்றத்தால் பணவீக்கமும் வேலையின்மையும் ஒன்றாக ஏறின, திட்டச் செலவு போட்ட கணக்கைத் தாண்டிப் போனது. 1977இல் மனிடோபாவில் ஆட்சி மாறியது, ஸ்டெர்லிங் லயன் தலைமையில் பழமைவாதக் கட்சி வந்தது. 1979இல் மத்தியிலும் மாறியது. அந்த வருஷமே திட்டத்தை மூடினார்கள். இறுதி அறிக்கை என்று ஒன்று எழுதப்படவே இல்லை. மக்கள் வருஷக்கணக்கில் உட்கார்ந்து நிரப்பிக் கொடுத்த தாள்கள், சுமார் 1,800 கன அடி காகிதம், பெட்டிகளில் அடைத்துக் கிடங்குக்குப் போயின. அந்த ஜனங்கள் தங்கள் வீட்டு வரவு செலவு, உடம்பு, வேலை எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்தது யாராவது படிப்பார்கள் என்று நம்பித்தானே?

பிறகு மனிடோபா பல்கலைக்கழகத்தின் டெரெக் ஹம், வெய்ன் சிம்ப்சன் என்ற இரண்டு பொருளாதார அறிஞர்கள் வின்னிபெக் தரவை எடுத்து வேலை சம்பந்தமான கணக்கைப் போட்டார்கள். டாஃபின் பெட்டிகளைப் பல ஆண்டுகள் யாரும் தொடவில்லை. 2000களில் எவ்லின் ஃபோர்ஜே என்ற பொருளாதார அறிஞர் அவற்றைத் தேடிப் போனார், அவருக்குப் பிறகு டேவிட் கால்னிட்ஸ்கி என்ற சமூகவியலாளர் உள்ளே இறங்கினார்.

ஒன்றா, பதினொன்றா

ஹம்மும் சிம்ப்சனும் கண்டது: உத்தரவாத வருமானம் வாங்கிய குடும்பங்களில் வேலை நேரம் குறைந்தது, ஆனால் ஆண்களுக்கு 1 சதவீதம், திருமணமான பெண்களுக்கு 3, திருமணமாகாத பெண்களுக்கு 5. அவ்வளவுதான். அமெரிக்கச் சோதனைகளில் குறைவு இதைவிடக் கொஞ்சம் அதிகம். குடும்பத்தின் முக்கியச் சம்பாத்தியக்காரர் ஆண்டுக்கு இரண்டு வாரம் வரை குறைத்தார், மனைவிமார் மூன்று வாரம், இளைஞர்கள் நான்கு வாரம். அடிப்படை வருமானத்தை ஆதரிப்பவர்கள் வின்னிபெக் எண்ணைக் கையில் எடுத்துக்கொண்டு "பாருங்கள், ஒருவரும் வேலையை விடவில்லை" என்பார்கள். நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

2017இல் கால்னிட்ஸ்கியும் அவருடைய சக ஆய்வாளரும் டாஃபின் கணக்கை வெளியிட்டார்கள். ஊரே தகுதி பெற்ற அந்த இடத்தில், வேலைச் சந்தையில் இருப்பவர்களின் பங்கு 11.3 சதவீதப் புள்ளிகள் குறைந்தது, அதாவது நூறு பேருக்குச் சுமார் பதினோரு பேர். இது சின்ன எண் இல்லை. இதைச் சொல்லாமல் டாஃபினைப் பற்றி எழுதுவது வாசகரை ஏமாற்றுவது.

எனக்கு இதைப் படித்தபோது முதலில் ஒரு சறுக்கல். ஆனால் இந்த இரண்டு எண்களையும் நேருக்கு நேர் வைத்து மோதவிட முடியாது. வின்னிபெக் எண் வேலை நேரத்தைப் பற்றியது, டாஃபின் எண் வேலையில் இருக்கிறாரா இல்லையா என்பதைப் பற்றியது. வின்னிபெக்கில் முதியவர்களையும் உடல்நிலையால் வேலை செய்ய முடியாதவர்களையும் சோதனையில் சேர்க்கவே இல்லை, டாஃபினில் எல்லோரும் உண்டு. எல்லாவற்றையும்விடப் பெரிய வித்தியாசம், வின்னிபெக்கில் பணம் வாங்கும் குடும்பம் ஒரு பெரிய நகரத்தில் தனித்தனியாகச் சிதறிக் கிடக்கிறது. பக்கத்து வீட்டுக்காரருக்கு அப்படி ஒரு திட்டம் இருப்பதே தெரியாது. டாஃபினில் பக்கத்து வீட்டுக்காரர், மைத்துனர், சர்ச்சில் பக்கத்தில் உட்காருபவர் எல்லோரும் அதே நிலையில்தான்.

கால்னிட்ஸ்கி இதையும் அளந்து பார்த்தார். அந்த 11.3இல் கிட்டத்தட்ட 30 சதவீதம் இந்த ஊர்ச் சூழலால் வந்தது என்பது அவர் கணக்கு. அதாவது ஒருவருக்கு வந்த பணம் மட்டும் அவரை மாற்றவில்லை, சுற்றியிருப்பவர்களுக்கும் அதே உறுதி இருந்ததும் சேர்ந்து மாற்றியது. நம் ஊர்க்காரர்களுக்கு இதை விளக்கிச் சொல்லத் தேவையே இல்லை. தெருவில் நாலு பெண்கள் கம்பெனி வேனில் ஏறினால் ஐந்தாவது வீட்டிலும் அனுப்புவார்கள். நாலு பேர் நின்றால் ஐந்தாவதும் நிற்கும். வேலைக்குப் போவது தனி மனிதன் தனியாக உட்கார்ந்து கணக்குப் போட்டு எடுக்கும் முடிவு என்று பாடப்புத்தகத்தில் வேண்டுமானால் எழுதலாம்.

சரி, அப்போது வேலையை விட்டது யார்?

குறைவு எல்லோரிடமும் சமமாக விழவில்லை. இளைஞர்களிடமும், ஒற்றைப் பெரியவர் நடத்துகிற குடும்பங்களிலும்தான் மிக அதிகம். நாற்பது வயதுக் குடும்பத் தலைவன் வேலையை உதறிவிட்டு மதுக்கடையில் போய் உட்காருவான் என்பதுதான் எல்லோர் மனசிலும் இருக்கிற பயம், அந்த ஆள் டாஃபினில் பெருங்கூட்டமாகக் கிளம்பவில்லை.

கேள்வித்தாள்களில் "ஏன் வேலையில் இல்லை" என்று கேட்டிருந்தார்கள், ஜனங்கள் தங்கள் கைப்பட எழுதியிருந்தார்கள். குழந்தையைப் பார்த்துக்கொள்ள, முடியாதவரைப் பார்த்துக்கொள்ள, உடம்பு சரியில்லை, படிக்கிறேன், இந்த ஊரில் வேலை கிடைக்கவில்லை. இவைதான் திரும்பத் திரும்ப வந்த காரணங்கள். திருமணமான பெண்களைப் பொறுத்தவரை, ஃபோர்ஜே சொல்வது, இந்தப் பணத்தை வைத்து அவர்கள் மகப்பேறு விடுப்பை நீட்டிக்கொண்டார்கள். அப்போது கனடாவில் பேறுகாலத்துக்குக் கிடைத்தது 15 வாரப் பணம், அதுவும் 1971இல் வந்த புது ஏற்பாடு. 15 வாரத்தில் குழந்தைக்குத் தலை நிற்கவே ஆரம்பித்திருக்கும்.

கொஞ்சம் விலகிப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். என் அம்மா பீடி சுற்றினார். பாட்டி படுத்த படுக்கையான பிறகு அம்மா ஒன்றரை வருஷம் பீடித் தட்டைத் தொடவில்லை. அந்த ஒன்றரை வருஷமும் அவர் இரவில் மூன்று முறை எழுந்தார், பாட்டியைப் புரட்டிப் போட்டார், துணி மாற்றினார், கஞ்சி ஊட்டினார். அந்தச் சமயத்தில் யாராவது கணக்கெடுக்க வந்திருந்தால் "வேலையில் இல்லை" என்று ஒரு கோடு போட்டுவிட்டுப் போயிருப்பார்கள். டாஃபினின் 11.3இல் எத்தனை கோடுகள் இப்படி விழுந்தவை என்று நினைத்துப் பார்க்காமல் என்னால் அந்த எண்ணைப் படிக்க முடியவில்லை. எல்லாக் கோடும் அப்படித்தான் என்று நான் சொல்லவில்லை. சிலர் நிஜமாகவே கொஞ்சம் மூச்சு வாங்கியிருப்பார்கள், அதையும் நான் குற்றமாக நினைக்கவில்லை.

முதலாளிகள் பக்கம்

இந்தத் துண்டு பலருக்குத் தெரியாது, ஆனால் எனக்கு இது மிக முக்கியமாகப் படுகிறது. சோதனை நடத்தியவர்கள் டாஃபினிலும் அதைப் போன்ற வேறு சில ஊர்களிலும் கடை, தொழில் நடத்துபவர்களிடமும் கணக்கெடுத்திருந்தார்கள். கால்னிட்ஸ்கி அதையும் தூசி தட்டி எடுத்தார். டாஃபினில் காலியிடங்களுக்கும் புதிதாகச் சேர்பவர்களுக்கும் தருகிற கூலி, மற்ற ஊர்களோடு ஒப்பிட ஏறியிருந்தது.

ஏன் என்பது புதிர் இல்லை. கையில் ஒன்றுமில்லாமல் வேலை கேட்டு நிற்பவன் என்ன கூலி சொன்னாலும் சரி என்பான். அவனுக்குப் பின்னால் 3,800 டாலர் இருக்கிறது என்றால் "இந்தக் கூலிக்கு முடியாது" என்று ஒரு தடவையாவது சொல்ல முடியும். என் சித்தப்பாவின் அலுப்பை இந்த இடத்தில்தான் நான் புரிந்துகொள்கிறேன். களையெடுக்க ஆள் கிடைக்கவில்லை என்பதில், பழைய கூலிக்கு ஆள் கிடைக்கவில்லை என்பதும் கலந்திருக்கிறது. விவசாயிக்கு விளைபொருளுக்கு விலை கிடைக்காதபோது கூலியை மட்டும் உயர்த்து என்றால் அவர் எங்கே போவார் என்பதும் உண்மை. ஆனால் அந்த இடைவெளியை இத்தனை காலமும் குனிந்து களையெடுத்த பெண்களின் முதுகு அடைத்துக்கொண்டிருந்தது, அதை அப்படியே தொடரச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

ஆஸ்பத்திரிக் கணக்கு

ஃபோர்ஜேவின் யோசனை அழகானது. மின்கம் பெட்டிகள் பாதி குழப்பமாகக் கிடந்தன. ஆனால் மனிடோபாவில் எல்லோருக்குமான அரசு மருத்துவக் காப்பீடு ஏற்கெனவே வந்துவிட்டது. யார் எப்போது எதற்காக ஆஸ்பத்திரியில் சேர்ந்தார் என்பது மின்கத்தோடு சம்பந்தமே இல்லாமல் தனியாகப் பதிவாகிக்கொண்டிருந்தது. டாஃபின்காரர் ஒவ்வொருவருக்கும், வயது முதலான விஷயங்களில் அவரைப் போலவே இருக்கிற வெளியூர்க்காரர்கள் மூன்று பேர் வரை ஜோடி சேர்த்து ஒப்பிட்டார்.

ஆஸ்பத்திரியில் சேர்வது, ஒப்பிட்டவர்களைவிட 8.5 சதவீதம் குறைந்திருந்தது. குறிப்பாகக் குறைந்தவை இரண்டு: விபத்து மற்றும் காயங்கள், மனநலப் பிரச்சினைகள். இது பணம் வாங்கிய மூன்றில் ஒரு பங்குக்கு மட்டுமான கணக்கு இல்லை, மொத்த ஊருக்குமானது. பணம் வராதவர்களையும் சேர்த்துத்தான் இந்தக் குறைவு. விழுந்தால் தாங்க ஏதோ இருக்கிறது என்ற நினைப்பே உடம்பில் வேலை செய்கிறது என்று நான் இதைப் படிக்கிறேன். கடன்காரன் வருவான் என்று தூக்கமில்லாமல் கிடந்துவிட்டு மறுநாள் இயந்திரத்தில் கை வைத்தவர்களுக்கு இதில் ஆச்சரியம் இருக்காது.

இன்னொரு பயமும் அப்போது இருந்தது, இப்படிப் பணம் கொடுத்தால் குடும்பங்கள் உடையும், நிறையக் குழந்தை பெறுவார்கள் என்று. டாஃபின் தரவில் இரண்டுக்கும் ஆதாரம் கிடைக்கவில்லை.

டாஃபினால் சொல்ல முடியாதவை

இவ்வளவும் சொன்ன பிறகு எல்லையையும் சொல்ல வேண்டும். அது மூன்று வருஷத் திட்டம் என்று எல்லோருக்கும் தெரியும். மூன்று வருஷத்துக்காக எந்த விவசாயியும் டிராக்டரை விற்க மாட்டான், நிரந்தர வேலையில் இருப்பவர் ராஜினாமா எழுதித் தர மாட்டார். ஆயுள் முழுக்க என்றால் வேறு மாதிரி நடக்கலாம், கூடவும் செய்யலாம் குறையவும் செய்யலாம். நேர்மாறாக, மூன்று வருஷம்தானே, இப்போதே குழந்தையோடு வீட்டில் இருந்துவிடுவோம், இப்போதே படித்துவிடுவோம் என்று அவசரப்பட்டவர்களும் இருக்கலாம்.

இரண்டாவது, பணம் வெளியிலிருந்து வந்தது. டாஃபின்காரர்கள் யாரும் இதற்காகக் கூடுதல் வரி கட்டவில்லை. நாடு முழுக்கக் கொடுப்பதென்றால் யாரோ கட்ட வேண்டும், கட்டுகிறவர் அதற்கப்புறம் எப்படி வேலை செய்வார் என்பதை இந்த ஊரிடம் கேட்க முடியாது. அடிப்படை வருமானத்தை ஆதரிக்கும் என் நண்பர்கள் இந்த இடத்தைத் தாண்டிக் குதித்துவிடுகிறார்கள். எனக்கு அதில் சம்மதம் இல்லை.

மற்ற இடங்களை வேகமாகப் பார்த்துவிடலாம். பின்லாந்து 2017, 2018 ஆகிய இரண்டு வருஷமும் வேலையில்லாத 2,000 பேருக்கு மாதம் 560 யூரோ கொடுத்தது. அவர்கள் ஒப்பீட்டுக் குழுவைவிட ஆண்டுக்குச் சுமார் ஆறு நாள் அதிகமாக வேலை செய்தார்கள். அலாஸ்கா 1982இலிருந்து எண்ணெய்ப் பணத்தில் குடிமக்களுக்கு ஆண்டுதோறும் பங்கு கொடுக்கிறது, மொத்த வேலைவாய்ப்பு குறையவில்லை, பகுதிநேர வேலை கொஞ்சம் கூடியது. அமெரிக்காவில் டெக்சாஸ், இல்லினாய் மாநிலங்களில் அண்மையில் 1,000 பேருக்கு மூன்று வருஷம் மாதம் 1,000 டாலர் கொடுத்த சோதனையில், வாரத்துக்கு 1.3 மணி நேரம் வேலை குறைந்தது, வேலையில் இருப்போர் பங்கு 2 சதவீதப் புள்ளி குறைந்தது, மிச்சமான நேரத்தில் பெரும்பகுதி ஓய்வுக்குப் போனது. படிப்புக்கோ சொந்தத் தொழிலுக்கோ பெரிதாகப் போயிருக்கும் என்று எதிர்பார்த்தவர்களுக்கு அது ஏமாற்றம்தான்.

நமக்குப் பக்கத்தில் நடந்தது மத்தியப் பிரதேசச் சோதனை. 2011இல் ஆரம்பித்து, சேவா என்ற பெண் தொழிலாளர் அமைப்பு, யுனிசெஃப் உதவியோடு, எட்டுக் கிராமங்களில் எல்லோருக்கும் மாதாமாதம் பணம் கொடுத்தது. பெரியவருக்கு 200 ரூபாய், குழந்தைக்கு 100. ஒரு வருஷம் கழித்து அதை 300, 150 என்று உயர்த்தினார்கள். ஒரு பழங்குடிக் கிராமத்திலும் தனியாகச் செய்தார்கள். இந்தக் கிராமங்களில் உழைப்பு கூடியது. ஜனங்கள் அடுத்தவர் நிலத்தில் கூலிக்குப் போவதைக் குறைத்துத் தங்கள் சொந்தத் துண்டு நிலத்தில் இறங்கினார்கள், விதையும் உரமும் வாங்கினார்கள், ஆடு வாங்கினார்கள், தையல் மிஷின் வாங்கினார்கள். அங்கேயும் கூலிக்கு ஆள் கூப்பிடப் போன நிலக்காரருக்கு "ஆள் கிடைக்கவில்லை" என்றுதான் தெரிந்திருக்கும். அந்த ஆள் நாலு வயல் தள்ளிச் சொந்த மண்ணைக் கொத்திக்கொண்டிருந்திருப்பார்.

கனடாவில் பணம் கொடுத்தபோது சிலர் சந்தையிலிருந்து விலகினார்கள், மத்தியப் பிரதேசத்தில் உழைப்பு கூடியது. இதை முரண்பாடு என்று நான் நினைக்கவில்லை. கையில் முதல் இல்லாததால் வேலை செய்ய முடியாமல் இருந்தவரிடம் பணம் வந்தால் அவர் வேலையைத் தொடங்குவார். வேறு வழியில்லாமல் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவரிடம் வந்தால், தள்ளிப்போட்டு வைத்திருந்த ஒன்றைச் செய்ய அதிலிருந்து கொஞ்ச நேரத்தை எடுத்துக்கொள்வார். அதனால் அடுத்த முறை டீக்கடையில் அந்தக் கேள்வி வந்தால் நான் பதில் சொல்லப் போவதில்லை, "எவன்" என்று சொன்னீர்களே, அது யார், என்ன வயது, வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று திருப்பிக் கேட்பதாக இருக்கிறேன்.

பள்ளிக்கூடம்

கடைசியாக வைத்திருந்தது டாஃபின் பையன்களின் கதை. விவசாய ஊர்களில் பதினாறு வயது ஆனதும் பையன் படிப்பை விட்டு வயலிலோ பட்டறையிலோ இறங்குவது அப்போது அங்கே சாதாரணம். குடும்பத்துக்கு அந்தக் கூலி தேவை. வேலைச் சந்தையிலிருந்து காணாமல் போன இளைஞர்களில் பலர் எங்கே போனார்கள் என்பதற்கு ஃபோர்ஜேவிடம் ஒரு தடயம் இருக்கிறது. ஒவ்வொரு வருஷமும் பதினோராம் வகுப்பில் இருந்தவர்களில் எத்தனை பேர் அடுத்த வருஷம் பன்னிரண்டில் சேர்ந்தார்கள் என்று அவர் எடுத்துப் பார்த்தார். பணம் வந்த வருஷங்களில் டாஃபின் பிள்ளைகள், வின்னிபெக் பிள்ளைகளைவிடவும் மற்றக் கிராமத்துப் பிள்ளைகளைவிடவும் அதிகமாகப் பன்னிரண்டுக்குப் போயிருக்கிறார்கள். தன் வீட்டுக்குப் பணம் வராத பிள்ளையும், கூட்டாளிகள் பள்ளியில் இருப்பதால் தானும் இருந்திருப்பான் என்று அவர் நினைக்கிறார். வேலையைக் குறைத்த அதே ஊர்ச் சூழல்தான் இங்கேயும்.

அதற்கு முந்தைய வருஷங்களில் டாஃபின் பிள்ளைகள் நகரத்துப் பிள்ளைகளைவிடப் பின்தங்கி இருந்தார்கள். திட்டத்தை மூடிப் பெட்டிகளைக் கட்டிய பிறகு வந்த வருஷங்களிலும் அப்படியே பின்தங்கிவிட்டார்கள்.